மண்சட்டியும் கண்ணாடிக் குவளையும்: நம் ருசியின் வரலாறு

நினைவுச் சொற்பொழிவு என்றால் போராட்டம், சிறை, சட்டம், தியாகம் என்று பேசுவது வழக்கம். இந்த ஆண்டு வீரசோழனில் கூடியிருக்கும் நாம் சோற்றைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் எதைச் சமைத்தோம், வெளியில் எந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டோம் என்பதெல்லாம் சின்ன விஷயமாகச் சிலருக்குத் தோன்றலாம். நம்மை ஒடுக்கியவர்கள் அதை ஒருபோதும் சின்ன விஷயமாக எண்ணியதில்லை. நம் அடுப்பில் எந்தப் பாத்திரம் ஏறலாம் என்பதற்கே அவர்கள் கட்டளை போட்டார்கள்.

1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. வீரசோழனும் திருச்சுழியும் அருப்புக்கோட்டையும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. விருதுநகர் மாவட்டம் பிரிந்தது 1985-ல். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. சட்டை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. இந்தப் பட்டியலில் ஒன்று: வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியக் குதிர்களை அழித்தார்கள், ஆடுமாடுகளைக் கொள்ளையடித்தார்கள். 1931-ல் தடைகள் பதினொன்றாகக் கூடின. பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்றார்கள். தலையில் சும்மாடு வைப்பதானால் துணி கூடாது, வைக்கோல்தான் என்றார்கள். இதையெல்லாம் பதிவு செய்தவர் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன்.

இது நம் வறண்ட மண்ணுக்கு மட்டும் உரிய கொடுமை என்று நினைக்க வேண்டாம். 1936-ல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் இரண்டு சம்பவங்களைக் காட்டுகிறார். குஜராத்தின் ஜானு கிராமத்தில் நம் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்தார்கள், அதற்காகத் தாக்கப்பட்டார்கள். ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்தில், யாத்திரை முடித்து வந்த ஒருவர் தம் மக்களுக்கு நெய்ப் பலகாரத்துடன் விருந்து வைத்தார். பந்தி நடக்கும்போதே தடிகளோடு வந்து சோற்றைப் பாழாக்கி, உண்டவர்களை அடித்து விரட்டினார்கள்.

மூன்று ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. களத்தில் வேலை நடக்க வேண்டுமென்றால் நம் வயிறு கொஞ்சமாவது நிறைய வேண்டும். ஆகவே கூழ் ஊற்றினார்கள். நாம் சுவைத்து, பரிமாறி, விருந்தாளியை உட்காரவைத்து மகிழ்வதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பித்தளைப் பாத்திரத்திலும் நெய்யிலும் அவர்கள் கண்டது நம் மரியாதையை. அதனால்தான் நம் உணவின் வரலாற்றைப் பசியின் வரலாறாக மட்டும் எழுதினால் பாதி விட்டுப்போகிறது என்கிறோம்.

விட்டுப்போன பாதி நம் வீட்டு அடுப்பில் இருக்கிறது. இது வானம் பார்த்த பூமி. குதிரைவாலி, கம்பு, சோளம், கேழ்வரகு விளைந்த மண். மழை பெய்தால் கண்மாயில் கெளுத்தியும் குரவையும் அயிரையும் கிடைக்கும். பெய்யாவிட்டால் கருவாடு. வரப்பில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் பறிப்பார்கள். மழைக்காலத்தில் கிளம்பும் ஈசலைப் பிடித்து, இறகு போக்கி, அரிசியோடு வறுத்துத் தருவார்கள். புதிது புதிதாகச் சமைத்துப் பார்ப்பதை இன்று ஒரு பொழுதுபோக்காகச் சொல்கிறார்கள். நம் பாட்டிமார் கையில் கிடைத்ததை வைத்து அதை நாள்தோறும் செய்தார்கள்.

வீரசோழன் சந்தைக்கு ஆடு வளர்த்து ஓட்டிவந்த வீடுகளில் தொடைக்கறி வெந்த நாட்கள் குறைவு. நம் சட்டிக்கு வந்தது குடலும் ரத்தமும் தலையும் காலும். குடலைப் பிதுக்கி, புரட்டிப் போட்டு, மஞ்சளும் உப்பும் தேய்த்து, வாடை போகும்வரை பல தண்ணீர் மாற்றி அலச வேண்டும். ரத்தத்தை உப்புப் போட்டு உறையவிட்டு, வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வதக்க வேண்டும். கறி மிஞ்சினால் நீளவாக்கில் அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் வெயிலையே கருவியாக்கிய அறிவு அது. ஒரு நாள் கறியை ஒரு மாதக் குழம்பாக்கிய கணக்கு அது.

இன்று அதே குடலும் ரத்தப் பொரியலும் நகரத்து உணவகங்களில் 'கிராமத்துச் சமையல்' என்ற பெயரில் விலையாகின்றன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஒரு காலத்தில் ஏழை வீட்டுச் சோறு என்று ஏளனம் செய்யப்பட்ட குதிரைவாலி இன்று அழகான பையில் அடைத்து விற்கப்படுகிறது. அமெரிக்காவில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள் எஜமானர்கள் ஒதுக்கிய பன்றிக் குடலைச் சமைத்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அந்தச் சமையலுக்குத் தாங்களே பெயர் வைத்து, 'ஆன்ம உணவு' என்று உலகறியச் சொன்னார்கள். மராத்தியில் ஷாகு படோலே, மராத்வாடா தலித் வீடுகளின் சமையலை 2015-ல் நூலாக்கினார். தமிழில் அப்படி எழுதுகிற வேலை நமக்கு நிறைய மிச்சமிருக்கிறது.

மாட்டுக்கறியைத் தொடாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 1927-ல் மகாடில் செத்த மாட்டின் கறியை விட்டொழியுங்கள் என்று அம்பேத்கர் கேட்டுக்கொண்டார். பிறர் வீசுவதைத் தின்னும் நிலையை உதறச் சொன்ன குரல் அது. பிறகு 1948-ல் வந்த 'தீண்டப்படாதோர்' நூலில், மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை வரலாறாக ஆராய்ந்தார். மரியாதை வேண்டி மாட்டுக்கறியை விட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மரியாதை வேண்டியே விடாமல் உண்பவர்களும் உண்டு. இரு தரப்பையும் நாம் குறை சொல்ல மாட்டோம். என் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை நான் தீர்மானிப்பேன் என்பதுதான் இரண்டிலும் உள்ள குரல்.

இனி வெளியே சாப்பிடும் கதை. டீக்கடையில் நமக்குச் சிரட்டை, பிறகு தகரக் குவளை, பிறகு தனிக் கண்ணாடிக் குவளை. குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சு கிடையாது, தரை. 1941 வரை ரயில் நிலைய உணவு விடுதிகளில்கூட பிராமணருக்குத் தனி இடம் இருந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம், 15-ஆம் பிரிவில் கடை, உணவகம், விடுதி ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் ஒரு படி போய், உணவகத்தில் பொதுமக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைப் புழங்கவிடாமல் தடுப்பதையும் குற்றமாக்கியது. ஒரு குவளைக்காக நாடாளுமன்றம் சட்டம் எழுத வேண்டியிருந்தது.

சட்டம் தானாக டீக்கடைக்குள் வராது. அதை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர் இம்மானுவேல் சேகரன். இரட்டைக் குவளை முறைக்கு எதிராக மாநாடு கூட்டியவர். 1957-ல் மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் சமமாக உட்கார்ந்து பேசினார். மறுநாள், செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கக் கோரி பெரியார் இயக்கம் மறியல் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே பலகையில் ஒரு சொல்லுக்காகப் போராட்டம். இங்கே உட்காரும் உரிமைக்கு விலையாக ஓர் உயிர். 1960 பிப்ரவரி 1 அன்று அமெரிக்காவின் கிரீன்ஸ்போரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கான உணவு மேசையில் போய் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த போராட்டம்.

இஸ்லாமியர் நிறைந்து வாழும் வீரசோழனில் இதைச் சொல்லியாக வேண்டும்: சாதி கேட்காமல் இலை போட்ட கடை என்று நம் மூத்தவர்கள் முதலில் நினைவுகூர்வது பாய் கடையைத்தான். அடுத்து, யார் என்று தெரியாத டவுன் பஸ் நிலையத்துப் புரோட்டா கடை. கல்லில் விரியும் மாவு, எண்ணெயில் பொரியும் புரோட்டா, மேலே ஊற்றும் சால்னா, 'இன்னும் ரெண்டு போடவா அண்ணே' என்ற கேள்வி. அந்த 'அண்ணே'க்காகவே பஸ் ஏறியவர்கள் இருந்தார்கள். அவர்கள் அங்கே பசியாறியதோடு ஒரு மணி நேரம் சமமாகவும் இருந்தார்கள்.

கதை முடிந்துவிடவில்லை. சில ஊர்களில் தனிக் குவளை போய்க் காகிதக் கப் வந்திருக்கிறது. ஊராருக்கு எவர்சில்வர் டம்ளர், நமக்கு மட்டும் கப். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியலிட்ட முதல் குற்றமே, உண்ணத் தகாததை நம் வாயில் திணிப்பது. 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் சத்துணவு சமைக்க வந்த நம் பெண்ணைச் சமைக்கவிடாமல் எதிர்த்தார்கள். அவர்கள் கடையில் நாம் உட்காரும் உரிமையைச் சட்டம் தந்தது. நம் கை சமைத்ததை அவர்கள் உண்ணும் நாள்தான் அடுத்த கட்டம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். இந்த விடுமுறையில் உங்கள் பாட்டி, அப்பத்தா, பெரியம்மாவிடம் உட்காருங்கள். உப்புக்கண்டத்துக்கு எவ்வளவு உப்பு, எத்தனை வெயில் என்று கேளுங்கள். எந்தக் கீரை எந்த மாதம், எந்தக் கடையில் முதன்முதலில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அன்றைக்கு என்ன சாப்பிட்டார்கள், ருசியாக இருந்ததா என்று கேளுங்கள். அவர்கள் பெயரோடு எழுதி வையுங்கள். களச் செயல்பாட்டுத் தோழர்கள் தங்கள் ஊர் டீக்கடைகளின் குவளைகளையும் பள்ளிச் சமையலறைகளையும் கணக்கெடுக்கட்டும். இரண்டு ஏடுகளையும் அடுத்த ஆண்டு இதே மேடையில் வைத்துப் படிப்போம். படித்து முடித்ததும் குதிரைவாலிச் சோறும் குடல் குழம்பும் சமைத்து, ஊரையும் அழைத்து, ஒரே பந்தியில் உட்காருவோம்.