படுக்கைப்புண்ணுக்கு எண் வந்த கதை

மாதேஸ்வரன் மலையில் களப்பணிக்காகத் தங்கியிருந்தபோது, மாதக்கணக்கில் படுத்த படுக்கையாய் இருந்த மூதாட்டி ஒருவரை அவருடைய மகள் புரட்டிப் படுக்கவைப்பதைக் கண்டேன். முதுகின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தவர், "சுடுது, கன்னிப்போச்சு" என்றார். அந்தக் கரிய தோலில் என் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

ஐரோப்பிய மருத்துவம் இப்புண்ணை நெடுங்காலம் 'டெகுபிடஸ்' என்றது. படுத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த சொல். நம் 'படுக்கைப்புண்'ணும் அவ்வழிப்பட்டதே. இரண்டும் பழியைப் படுக்கையின்மேல் போடுகின்றன. சக்கர நாற்காலியில் நாளெல்லாம் அமர்ந்திருப்பவருக்கும் இது வரும். 1850களில் பிரௌன்-செக்கார் விலங்குச் சோதனைகளின் வழி அழுத்தத்தையும் ஈரத்தையும் காரணமாகக் காட்டினார். பின்வந்த சார்கோவோ நரம்புச் சேதமே மூலம் என்றும், சிலவகைப் புண்கள் சாவுக்கு முன்னறிகுறி என்றும் கருதினார். பின்னதை நம்பினால் செவிலியர் செய்வதற்கு ஏது வேலை?

ஆழத்தை அளக்கும் முறையை 1975இல் ஷே வகுத்தார். 1989இல் அமெரிக்க வல்லுநர் குழு நான்கு நிலைகளை வரையறுத்தது. நிலைக்கெனத் தனிக் குறியீடு வந்த நாள் 2008 அக்டோபர் 1. அதே நாள்முதல், மருத்துவமனையில் சேர்ந்தபின் உண்டான மூன்றாம், நான்காம் நிலைப் புண்களுக்கு மெடிகேர் கூடுதல் பணம் தருவதை நிறுத்தியது. இது தற்செயல் அன்று. சேரும்போதே புண் இருந்ததா என்னும் ஒரு வரிக்கு அன்றுமுதல் விலை வந்துவிட்டது. 2015இல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் எல் 89.153 என்றால் முதுகெலும்பின் அடிப்பகுதி, மூன்றாம் நிலை. சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அமெரிக்க நோயாளர் கோப்புகளைக் குறியீடாக்கும் நம் இளைஞர்கள் இதை நன்கறிவர். அவர்களுக்குரிய விதி ஒன்று சுவையானது: புண் இன்னதென்று மருத்துவரே எழுதியிருக்க வேண்டும், நிலையை மட்டும் செவிலியர் குறிப்பிலிருந்து எடுக்கலாம்.

சிக்கல் முதல் நிலையில்தான். அதன் வரையறை, விரலால் அழுத்தியும் வெளிறாத சிவப்பு. யாருடைய தோலில் சிவப்பு? 1990களின் இறுதியில் சூடு, இறுக்கம், உணர்வு ஆகிய அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. ஆயினும் தலைச்சொல் சிவப்பாகவே நின்றது. கரிய தோலினரிடம் முதல் நிலை குறைவாகவும் ஆழ்ந்த நிலைகள் மிகுதியாகவும் பதிவாவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியுள்ளன. கண்டுகொள்ளப்படாத முதல் நிலைக்கு எண் இல்லை. எண் வரும்போது தோல் திறந்திருக்கும்.

2016இல் அக்குழு 'அழுத்தப் புண்' என்பதை 'அழுத்தக் காயம்' என மாற்றியது. முதல் நிலையில் தோல் கிழிவதில்லை; ஆதலால் புண் என்பது பொருந்தாது என்பது வாதம். குறியீட்டுப் பட்டியலின் தலைப்பில் மட்டும் புண் இன்னும் ஆறவில்லை!

தமிழில் 'கன்றுதல்' அழுத்தத்தாலோ வெப்பத்தாலோ தோல் நிலைகெடுவதைச் சொல்கிறது, சிவப்பைக் கேட்பதில்லை. முதல் நிலைக்குக் 'கன்றல்' என்பதையே கலைச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. உங்கள் வட்டாரத்தில் வேறு சொல் வழங்கினால், ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.