ஓட்டைக்கு என்ன விலை?

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போனால், கடல் மாதிரி ஓர் ஏரியோடு ஓர் ஊர் வரும். தாமல். அங்கே எனக்கு ஒரு நண்பர் உண்டு. பரம்பரையாகத் தறிக்காரக் குடும்பம். ஆனால் இவர் தறியில் உட்காரவில்லை. வெள்ளி மணி, கல் மணி கோத்து மாலை செய்து காஞ்சிபுரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார்.

சமீபத்தில் போனபோது மனுஷர் முகம் சரியில்லை. மேஜை மேல் ஊசி மாதிரி சின்னச் சின்ன டிரில் பிட்டுகள். எல்லாம் இரண்டு துண்டு.

"அரை மில்லிமீட்டர் பிட் சார். டஜன் வாங்கினேன். ஒன்பது போச்சு. சின்னதா ஒரு டிரில்லிங் மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். எதைப் பார்த்து வாங்கறது?"

நான் பி.காம். எனக்குத் தெரிந்த மெஷின் கால்குலேட்டர் மட்டும்தான். ஆனாலும் கேள்வி வீடு வரை கூடவே வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால், அட! இது தாமல்காரரின் கேள்வி மட்டுமில்லை. மனிதன் ஒன்பதாயிரம் வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

பலுசிஸ்தானில் மெஹர்கட் என்றொரு இடம். இன்றைய பாகிஸ்தான். அங்கே கிடைத்த புதைகுழிகளில் ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் ஓட்டை இருந்தது. சொத்தை அரித்த ஓட்டை அல்ல. வட்டமாக, அழகாக, கருவி வைத்துப் போட்ட ஓட்டை. வயது 7,500 முதல் 9,000 ஆண்டுகள். 2006-ல் 'நேச்சர்' இதழில் இந்தச் செய்தி வந்தபோது உலகமே வாயைப் பொத்திக்கொண்டது. போட்டவர் யார்? டாக்டரெல்லாம் அப்போது ஏது? அந்த ஊரில் மணிகளுக்குத் துளை போட சிக்கிமுக்கிக் கல் முனை வைத்திருந்தார்கள். அதையே பல்லிலும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. வில்லில் கட்டிய கயிற்றைத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு சுழலும். நம் ஊர் ஆசாரிகளின் துரப்பணம் நினைவுக்கு வருகிறதா? அதேதான்.

பல் சாதாரணம். அடுத்து வந்தவர்கள் சிந்துவெளிக்காரர்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கார்னீலியன் என்கிற சிவப்புக் கல். நீள நீளமான மணிகள். அதில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெல்லிய துளை. 1935-36-ல் சன்ஹுதாரோவைத் தோண்டிய எர்னஸ்ட் மெக்கே, துளையிடும் கல் முனைகளைக் கண்டெடுத்தார். பிற்பாடு ஆராய்ச்சியாளர் ஜொனாதன் மார்க் கெனாயர் அந்தக் கல்லுக்கு மெக்கேயின் நினைவாக 'எர்னஸ்டைட்' என்றே பெயர் வைத்தார். அதை வைத்து ஓட்டை போட்டும் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? சுமார் இரண்டரை மில்லிமீட்டர்!

இப்போதுதான் என் பி.காம். மூளை விழித்துக்கொண்டது. பத்து சென்டிமீட்டர் மணி என்றால் நாற்பது மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரே ஓட்டைக்கு ஐந்து நாள் கூலி. நாலாவது நாள் சாயந்திரம் கல் விரிசல் விட்டால்? கல்லும் போச்சு, கூலியும் போச்சு. ஆக, நாம் மணிக்கு விலை கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணிசமான விலை அதிலிருக்கும் ஓட்டைக்கு! மெசபடோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகள் வரை இந்த மணிகள் போய்ச் சேர்ந்தன என்றால் சும்மாவா?

சரி, இந்த இழுபறியை யார் மாற்றினார்கள்? நம்மவர்கள்தான்.

கொஞ்சம் சுவாரஸ்யமான துப்பறியும் கதை இது. லெனார்ட் கோரெலிக், ஜான் க்வின்னெட் என்று அமெரிக்காவில் இரண்டு பேர். இருவரும் பல் துறைக்காரர்கள். பழைய மணிகளின் ஓட்டைக்குள் சிலிகோனை விட்டு அச்சு எடுத்தார்கள். பல் செட் கட்ட டாக்டர் நம் வாயில் அச்சு எடுப்பாரே, அந்தக் கதை. அச்சை எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், கிராமபோன் தட்டு மாதிரி ஒழுங்கான வளையக் கோடுகள். குஜராத்தின் கம்பாத்தில் மணித் தொழிலாளிகள் போடும் ஓட்டையிலும் அச்சு அசல் அதே கோடுகள்!

கம்பாத்தின் ரகசியம் என்ன? மெல்லிய இரும்புத் தண்டு. அதன் நுனியில் கடுகைவிடச் சின்னதாக இரண்டு வைரச் சில்லுகள். ஒன்றல்ல, இரண்டு. எதிரெதிர் விளிம்பில். அதனால் ஓட்டை, தண்டைவிட ஒரு மயிரிழை அகலமாக விழும். தண்டு சிக்காது. சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர், தூளைக் கழுவி வெளியே கொண்டுவந்துவிடும். வைரம் அன்றைக்கு இந்தியாவின் சரக்கு. பிரேசிலில் 1720-களில் வைரம் கிடைக்கும் வரை உலகத்துக்கே பெரும்பாலும் நம் சுரங்கங்கள்தான். கோரெலிக்கும் க்வின்னெட்டும் 1988-ல் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே 'இந்தியாவிலிருந்து ரோமுக்கும் அதற்கு அப்பாலும் வைரங்கள்'. வைரச் சில்லை இரும்பில் பதித்து எப்பேர்ப்பட்ட கல்லையும் குடையலாம் என்று ரோமானியர் பிளினியும் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டுப் பக்கம் வாருங்கள். நொய்யல் கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியபோது பச்சைக்கல், கார்னீலியன், பளிங்கு என்று மணிகள் கிடைத்தன. முடிந்தது, முடியாதது, பாதியில் உடைந்தது என எல்லா நிலையிலும். புதுச்சேரி பக்கத்து அரிக்கமேடு இன்னொரு பெரிய மணிப் பட்டறை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே ரோமானியப் பானையைத் தேடினார். மணிகளைப் பற்றிய பேச்சு பிற்பாடுதான் சூடு பிடித்தது. அங்கும் வைர முனை வேலை செய்திருக்கிறது.

பாதியில் உடைந்த அந்தக் கொடுமணல் மணிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தாமல் மேஜைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கேயும் ஒருத்தர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பார் அல்லவா?

காஞ்சிக்கே இதில் ஒரு பங்கு உண்டு. பட்டுப்புடவையின் சரிகை எப்படி வருகிறது? வெள்ளிக் கம்பியை ஓர் ஓட்டை வழியாக இழுப்பார்கள். பிறகு அதைவிடச் சின்ன ஓட்டை. அப்புறம் இன்னும் சின்னது. கடைசியில் தலைமுடியைவிட மெலிசு. அப்புறம் அதைத் தட்டையாக்கிப் பட்டு நூலில் சுற்றி, தங்க முலாம். மெல்லிய கம்பி இழுக்கும் அந்த அச்சில் மாணிக்கமோ வைரமோ பதித்திருக்கும். வைரத்தால் ஓட்டை போட்ட மனிதன், வைரத்துக்குள்ளேயே ஓட்டை போட்டான்! வைரத் தூளும் ஊசியும் வைத்து மணிக்கணக்கில் குடைந்துகொண்டிருந்த அந்த வேலைக்கு 1965-ல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி லேசரைக் கொண்டுவந்தது. தொழிற்சாலையில் லேசருக்குக் கிடைத்த முதல் உத்தியோகங்களில் ஒன்று இந்த ஓட்டை போடுவதுதான்.

சரி, நண்பருக்கு என்ன பதில்? அடுத்த முறை போனபோது கணக்குப் போட்டுக் காட்டினேன். பித்தளை, வெள்ளி மாதிரி உலோகத்தில் பிட்டின் விளிம்பு நிமிஷத்துக்கு 30 மீட்டராவது ஓடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 10 மில்லிமீட்டர் பிட்டுக்கு நிமிஷத்துக்கு 950 சுற்று போதும். அரை மில்லிமீட்டருக்கு? கிட்டத்தட்ட 19,000 சுற்று! அவரிடம் இருந்த பழைய மெஷின் 2,500-ஐத் தாண்டாது. மெதுவாகச் சுற்றும் ஊசியைக் கையால் அமுக்கினால் ஒடியாமல் என்ன செய்யும்? இரண்டாவது, ஆட்டம். முனை பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆடினால் பெரிய பிட்டுக்கு அது கொசுக்கடி. அரை மில்லிமீட்டருக்கு உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு. எனவே குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். வேகம், ஆடாத சக், விரல் பாரத்துக்கு இறங்கும் கைப்பிடி. இந்த மூன்றையும் பாருங்கள்.

"கல்லுக்கு?"

"வைர முனை. கட்டாயம் தண்ணீர்."

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசினேன். காரணம் இருக்கிறது. அதே கம்பாத்தில் கல்லைச் சாணை பிடிக்க மின்சார மெஷின் வந்தது. வேலை வேகமானது. தூளும் வேகமாகப் பறந்தது. அந்தத் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. சின்ன வயசிலேயே மூச்சு வாங்கிச் செத்துப்போனவர்கள் அங்கே எத்தனையோ பேர். ரோமாபுரிக்கு மணி அனுப்பிய ஒரு தொழில், தன் ஆட்களுக்கு ஒரு முகமூடியைக் கொடுக்காமல் விட்டுவிட்டது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெஷின் விலை எழுதிவைத்திருந்த தாளை எடுத்து, கீழே இரண்டு வரி சேர்த்தார். தண்ணீர்த் தொட்டி. முகமூடி.

பி.காம். படித்தவனுக்கு இந்தக் கணக்கு ரொம்பப் பிடித்தது.