தந்தியில் ஒரு கோடு

கவிதையில் சொற்சிக்கனம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தந்தியை உதாரணம் காட்டிவிடுவார். சொல்லுக்குக் காசு என்றால் இறுக்கம் தானாக வந்துவிடும் என்பது வாதம். நானும் பல வருஷங்கள் இதைச் சொல்லித் திரிந்தவன்தான். சீனத் தந்தியின் சரித்திரத்தைப் படித்தபின் நிறுத்திக்கொண்டேன்.

1837இல் மோர்ஸ் முதலில் யோசித்தது எழுத்துகளைப் பற்றி அல்ல. ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கம்பியில் போவது எண் மட்டும். மறுமுனையில் இருப்பவன் அகராதியைப் புரட்டிச் சொல்லைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அகராதியோடு மாரடித்த பிறகே எழுத்துக்கு வந்தார்கள். எந்த எழுத்து அதிகம் புழங்குகிறது என்று அறிய அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளை எண்ணிப் பார்த்ததாகச் சொல்வார்கள். எண்ணியது மோர்ஸா, கூட்டாளி ஆல்ஃபிரட் வெயிலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பெட்டியில் அதிகம் இருந்த ‘ஈ’க்கு ஒரே ஒரு புள்ளி. புரூஃப் திருத்த அச்சகத்தில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இந்த இடம் பிடிக்கும்: கம்பாஸிடரின் பெட்டிதான் இங்கே மொழியியல்.

1848இல் ஜெர்மனியில் கெர்கே அதைத் திருத்தினார். 1865இல் பாரிஸில் சர்வதேச விதியாயிற்று. ஐரோப்பிய அகரவரிசைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.

1871இல் டென்மார்க் கம்பெனியின் கடலடிக் கம்பி ஷாங்காய்க்கு வந்தது. ஆயிரக்கணக்கான எழுத்துகளை என்ன செய்வது? ஷெல்லரூப் என்ற டேனிஷ் வானவியலாளர் தொடங்கிய வேலையை வீகியே என்ற பிரெஞ்சுக்காரர் முடித்தார். சுமார் 6,800 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண். மோர்ஸ் தன் மொழிக்கு வேண்டாமென்று தள்ளியதேதான் சீனத்துக்குக் கிடைத்தது. மோர்ஸில் எந்த இலக்கத்துக்கும் ஐந்து குறிகள்; ஆகவே சீன எழுத்து ஒன்றுக்கு இருபது. ‘ஒன்று’ என்பதைச் சீனர்கள் ஒரே கிடைக்கோடாக எழுதுகிறார்கள். நிலைபெற்ற குறிப்பேட்டில் அதன் எண் 0001. கம்பியில் அது பத்தொன்பது கோடும் ஒரு புள்ளியும். தூரிகையின் ஒரே இழுப்பு இப்படி ஆகிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பிசகினால் வாசிப்பவன் ஊகித்துக்கொள்வான். இங்கே ஓர் இலக்கம் பிசகினால் சம்பந்தமே இல்லாத வேறொரு சொல் வந்து உட்காரும்.

ஆனால் அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தேதியைச் சுருக்க, பழங்கவிஞர்கள் இயைபுக்காக வைத்திருந்த ஓசை வரிசையை எடுத்து, நாளுக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டார்கள். வரிசையில் இருபத்தொன்றாவது ‘குதிரை’. 1927 மே 21இல் சாங்ஷாவில் ராணுவம் இடதுசாரிகள்மீது பாய்ந்ததற்குச் சரித்திரத்தில் ‘குதிரை நாள் சம்பவம்’ என்றே பெயர். குதிரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. யாப்பு இப்படியும் பிழைத்துக் கிடக்கிறது.

நம் வாழ்த்துத் தந்திகளும் எண்கள்தாம். கல்யாணத்துக்கு ஓர் எண், தீபாவளிக்கு ஓர் எண். மற்றபடி ஆங்கிலம், அல்லது ரோமன் எழுத்தில் தமிழ். 2013 ஜூலையில் அந்தச் சேவையே நின்றுவிட்டது. ழகரத்துக்கு அதில் ஒருநாளும் தனி இடம் இருந்ததில்லை. ‘ழ’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்திய நம்மவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

1972இல் அப்பாவுக்கு மதுரையில் ஆபரேஷன். அண்ணன் கூட இருந்தான். மூன்றாம் நாள் தந்தி வந்தது. ரோமன் எழுத்தில் இரண்டே சொற்கள். ‘வலி இல்லை’ என்று படிக்கலாம், ‘வழி இல்லை’ என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் அதே எழுத்துகள், அதே கட்டணம். அம்மா அடுப்படியிலிருந்து ஈரக்கையோடு வந்து, “என்னடா போட்டிருக்கான்?” என்றாள். வலி என்றே படித்துக் காட்டினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் அண்ணனைப் பார்க்கும்வரை, நான் சரியாகத்தான் படித்தேனா என்று எனக்கும் தெரியாது.