பட்டாணியரும் உம்மா வழிக் குடிகளும்: ஏறாவூர் முஸ்லிம்களின் தொடக்கம்

ஏறாவூர் முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது பட்டாணியர் கதைதான். மட்டக்களப்பில் முக்குவருக்கும் திமிலருக்கும் போர் மூண்டபோது, வணிகத்துக்கு வந்திருந்த பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்கள். தோற்ற திமிலர் வடக்கே துரத்தப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வராதபடி காவலாக ஏறாவூரில் முஸ்லிம்கள் குடியமர்த்தப்பட்டார்கள் என்பது செவிவழிச் செய்தி. சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை என்ற ஊர்ப்பெயர்களுக்கும் இந்தப் போரையே காரணம் சொல்வார்கள்.

இக்கதைக்கு ஆண்டு கிடையாது. ஆண்டோடு கிடைக்கும் செய்தி வேறு. 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். ஆகவே கிழக்கு முஸ்லிம்கள் ஒரே நாளில் வந்திறங்கிய கூட்டமல்லர்.

பிற மக்களின் பூர்வீகக் கதைகளும் இப்படித்தான். ஜெர்மானிய இனத்தவரான கோத்தியர் ஸ்கான்ட்சா என்ற தீவிலிருந்து மூன்று கப்பல்களில் வந்தவர்கள் என்று கி.பி. 551 அளவில் ஜோர்டானஸ் எழுதினார். இன்றைய ஆய்வாளர் பலர் அதை அப்படியே ஏற்பதில்லை. பல கூட்டங்கள் காலப்போக்கில் சேர்ந்தே கோத்தியர் என்ற ஒரு மக்கள் உருவானார்கள் என்பது அவர்கள் கருத்து.

நமக்கோ கதைக்கு அப்பால் ஒரு சான்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதுதான் குடி. “நீங்க என்ன குடி?” என்று கேட்டால் நம்மவர் சொல்வது வாப்பாட குடியை அல்ல, உம்மாட குடியை. ஒரே குடிக்குள் கலியாணம் செய்யாதிருப்பதும், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதும், பள்ளிவாசல் மரைக்கார்மாரைக் குடிவாரியாகத் தெரிவதும் இங்குள்ள பழைய வழக்கம்.

அரபியரும் பட்டாணியரும் வம்சத்தைத் தந்தை வழியிலேயே எண்ணுவார்கள். முக்குவரோ தாய் வழியில் எண்ணுவார்கள். வட மலபார் மாப்பிள்ளைமாரிடமும் தாய்வழி மரபு உண்டு. அந்தக் கடல் தொடர்பையும் ஒதுக்க முடியாது. ஆனால் மட்டக்களப்பில் சில குடிப் பெயர்கள் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாகவே உள்ளன. பட்டாணியர் முக்குவப் பெண்களை மணந்தார்கள் என்று கதையே சொல்கிறது.

வந்த ஆண்களைக் கதை நினைவில் வைத்தது. இங்கிருந்த பெண்களைக் குடி நினைவில் வைத்தது. நம்மை வந்தேறிகள் என்பவரும், பட்டாணி வம்சம் என்று மட்டும் பெருமை பேசும் நம்மவரும் உம்மா பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். குடிப் பெயர்களையும் அவற்றின் கதைகளையும் சொல்லக்கூடிய மூத்தம்மாமார் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதே இப்போது அவசரமான வரலாற்றுப் பணி.