பல்லுக்கு க்ளிப் போடப் போறீங்களா? டாக்டர் ஏன் ஈறின் தடிமனைப் பார்க்கிறார்?

முன்பற்களைச் சுற்றியுள்ள ஈறு எல்லோருக்கும் ஒரே தடிமனில் இருப்பதில்லை. 1 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் தடித்த ஈறு. அதற்குள் அடங்கினால் மெல்லிய ஈறு. ஒரே வாயிலும் பல்லுக்குப் பல் மாறும். பொதுவாக மேல் தாடையைவிட கீழ்த்தாடை முன்பற்களில் ஈறு மெல்லிசு. மேலே கோரைப்பல் பக்கமும் கொஞ்சம் மெல்லிசுதான்.

இதைப் பார்க்க ஸ்கேன்கூட வேண்டாம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ப்ரோப் என்கிற அளவுக்கம்பியை டாக்டர் மெதுவாக விடுவார். ஈறு வழியாகக் கம்பி நிழலாகத் தெரிந்தால் மெல்லியது. தெரியலைன்னா தடித்தது.

அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துல என்ன ஆகிடப் போகுது? மெல்லிய ஈறுக்குப் பின்னால் எலும்பும் பெரும்பாலும் மெல்லிசு. க்ளிப் போட்டு பல்லை உதட்டுப் பக்கமாகத் தள்ளும்போது ஈறு இறங்கி, வேர் வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். ஐஸ் வாட்டர் பட்டாலே கூசும். பிரஷ்ஷை அழுத்தித் தேய்ப்பவர்களுக்கும் இதே கதைதான். இறங்கின ஈறு தானாக ஏறி வராது என்பதுதான் சிக்கல். அதனால் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு, மேல் அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஈறில் வைத்துத் தைக்கும் சிகிச்சையை முன்கூட்டியே செய்வதும் உண்டு.

தடித்த ஈறு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. ஆனால் ஈறு நோய் வந்தால் உள்ளுக்குள் ஆழமான பை உருவாகும். கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியாது.