ஏதேனுக்கு வெளியே, மன்னாரில்

ஆதியாகமத்தை முதல் பக்கத்தில இருந்து வாசிச்சுக்கொண்டு வாறம். மூன்றாம் அதிகாரத்திலேயே ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டுத் துரத்தப்படுகினம். ஐந்தாம் அதிகாரம் ஆதாம் 930 வயதில் இறந்தார் என்கிறது. எங்கே அடக்கினார்கள் என்று ஒரு வரியும் இல்லை. ஏவாளின் சாவைப் பற்றிப் பேச்சே இல்லை.

அந்த இடைவெளியை எங்கட கடற்கரை நிரப்பியிருக்கு. மன்னார்த் தீவில் இருக்கிற இரண்டு நீளமான கபுறுகளை ஆதம், ஹவ்வா அடங்கிய இடமெண்டு சனம் சொல்லுது. காபில், ஹாபில் கபுறுகள் கடலுக்கு அந்தப் பக்கம், இராமேசுவரத்தில. நடுவில் கிடக்கிற மணல்திட்டுகள் எங்களுக்கு இராமர் அணை; வெள்ளைக்காரரின் வரைபடத்தில் ஆதாம் பாலம். இதையெல்லாம் நிரூபிக்க ஏலாது. ஆனால் ஒரு கதை எங்கே வேர் விட்டது என்பதும் வரலாறுதானே?

1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவுச் சனம் படகேறிக் கற்பிட்டி, புத்தளம் பக்கம் போனது. ஏதேனில் துரத்தப்பட்டது பழம் தின்ற இரண்டு பேர். இங்கே பிள்ளைகுட்டியோட ஊர் ஊராக. நாலாம் அதிகாரத்தில் கடவுள் காயினிடம் தம்பி எங்கே என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குத் தமிழராகிய நாங்களும் பதில் சொல்லத்தான் வேணும்.