பாடவேளை யாருடையது: மருத்துவக் கல்வியில் ஒரு நூற்றாண்டுப் பிரிவினை

கார்னகி அறக்கட்டளைக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910-இல் ஆப்ரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, கட்டணம் வாங்கிக்கொண்டு பட்டம் வழங்குவதையே தொழிலாகக் கொண்டிருந்த பல பள்ளிகளின் நிலையை அம்பலப்படுத்தியது. ஃபிளெக்ஸ்னர் மருத்துவர் அல்லர், பள்ளி ஆசிரியர். பால்டிமோரில் 1893-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியையே அவர் முன்மாதிரியாகக் கொண்டார். உடலின் அமைப்பைக் கூறும் உடற்கூறியல், அதன் இயக்கத்தைக் கூறும் உடலியங்கியல், உயிர்வேதியியல், நோயியல், மருந்தியல் ஆகிய அடிப்படை அறிவியல்களை முதல் இரண்டாண்டுகள் ஆய்வுக்கூடத்திலும், நோயாளியைச் சோதித்துச் சிகிச்சையளிக்கும் பயிற்சியை அடுத்த இரண்டாண்டுகள் மருத்துவமனையிலும் பெறுவது என்ற பகுப்பு அதன்பின் நிலைபெற்றது.

போலிப் பள்ளிகளை ஒழித்த அந்தப் பகுப்பே நாளடைவில் ஒரு சுவராயிற்று. இதயத்தின் அறைகளை ஒரு துறையும் அதன் துடிப்பை இன்னொரு துறையும் அதன் சிதைவை மூன்றாவது துறையும் வெவ்வேறு மாதங்களில் கற்பித்ததால், அவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கும் வேலை, படித்ததில் பாதியை மறந்துவிட்டு நோயாளியின் படுக்கையருகே வந்து நிற்கும் மாணவனின் தலையில் விழுந்தது. உண்மையில் இது அறிவியலுக்கும் மருத்துவத்துக்கும் இடையிலான பிணக்கு என்பதைவிட, பாடவேளைகள் யாருக்கு உரியவை என்ற பிணக்கு என்பதே பொருந்தும்.

கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் 1952-இல் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான். 1945-இல் முதல்வர் பொறுப்பேற்ற ஜோசப் வேர்ன், ஹேல் ஹாம் முதலியோரின் துணையுடனும் காமன்வெல்த் நிதியத்தின் பொருளுதவியுடனும், பாடவேளைகளைத் துறைத் தலைவர்களிடமிருந்து எடுத்து, அறிவியலாளரும் மருத்துவரும் சேர்ந்து அமர்ந்த பாடக் குழுக்களிடம் ஒப்படைத்தார். அதனால் இதயமும் இரத்தக் குழாய்களும் ஒரே தொடர்ச்சியில் கற்பிக்கப்பட்டன. மாணவர்கள் துறைதோறும் அலைவதற்கு மாறாக, அவரவருக்கென ஒதுக்கிய ஆய்வுமேசையை நாடி ஆசிரியர்களே வந்தனர். முதலாண்டிலேயே ஒவ்வொரு மாணவரும் கருவுற்ற தாய் ஒருவரின் குடும்பத்தோடு இணைக்கப்பட்டு, பேறுகாலத்தையும் குழந்தையின் வளர்ச்சியையும் உடனிருந்து கண்டனர். கருவியல் பாடம் அவர்களுக்கு அட்டைப்படமாக மட்டும் இருந்திருக்காது.

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் இன்னும் ஓரடி முன்னே சென்று, நோயாளி ஒருவரின் சிக்கலிலிருந்தே அறிவியலைத் தேடிக் கற்கும் முறையைத் தொடங்கியது.

இந்தியாவிலோ ஒன்றரை ஆண்டாக இருந்த அடிப்படை அறிவியல் கட்டம் 1997-ஆம் ஆண்டு விதிகளால் ஓராண்டாகச் சுருங்கியதேயன்றிச் சுவர் அசையவில்லை. 2019-இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம், முதலாண்டிலேயே நோயாளியைச் சந்திப்பதையும் துறைகள் இணைந்து கற்பிப்பதையும் விதியாக்கியது. எனினும் முதலாண்டு இறுதித் தேர்வின் வினாத்தாள்கள் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் எனத் தனித்தனியாகவே அச்சாகின்றன.